ஜப்தி கிடையாது, பிடித்தம் உண்டு
ராணுவ வீரரைப் பிரியும் மனைவியின் ஜீவனாம்சம் பற்றிய உங்கள் கட்டுரை, அவருடைய சம்பளத்தை நீதிமன்றம் ஜப்தி செய்ய முடியாது என்று சொல்லிவிட்டு அப்படியே நகர்ந்துவிட்டது. சரி, 1950 ராணுவச் சட்டத்தின் 28ஆவது பிரிவு அப்படித்தான் சொல்கிறது, ஆனால் அதே சட்டத்தில் 90, 91 என்று இரண்டு பிரிவுகள் இருக்கின்றனவே, அதன்படி மனைவி, பிள்ளைகளின் பராமரிப்புக்கு ராணுவமே சம்பளத்தில் பிடித்துக் கொடுக்கலாம், அதிகாரியானாலும் ஜவானானாலும். இது தெரியாமல் என் அக்கா இரண்டு வருடம் கோர்ட் வாசலிலேயே நின்றாள். அப்புறம், கணவர் லடாக்கில் பணியில் இருக்கிறார் என்பதற்காக மனைவியான நீங்கள் வழக்குப் போட அங்கே ஓட வேண்டாம். இந்து திருமணச் சட்டத்தின் 2003 திருத்தப்படி மனைவி தான் வசிக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். விவாகரத்து ஆனால், கணவர் இறந்தபின் மனைவிக்குக் கிடைக்கும் குடும்ப ஓய்வூதியம் போய்விடும், ஜீவனாம்சம் பேசும்போது அதையும் கணக்கில் வையுங்கள்.