தூமாயின் தொடை எலும்புக்கு ஏன் 18 ஆண்டு?

மனிதப் பரிணாமம் என்று பேச்செடுத்தால் போதும், ஒரு மண்டையோட்டுப் படம் வந்து நிற்கும். எனக்கு இதில் நெடுநாள் மனக்குறை. நம் கதையின் முதல் அத்தியாயத்துக்குச் சாட்சி சொல்வது கால் எலும்பு. பேரும் புகழும் மட்டும் மண்டைக்கு. மனிதக் குடும்பத்தின் ஆதிப் புதைபடிவம் எனப்படும் தூமாயின் தொடை எலும்புக்கும் இதே கதிதான். அதற்கு முன் ஒரு முட்டிக் கதை.

1973இல் எத்தியோப்பியாவின் ஹடாரில் ஆய்வாளர் டொனால்ட் ஜோஹன்சன் காலால் தட்டிய ஒரு துண்டை முதலில் நீர்யானை விலா என்றுதான் நினைத்தாராம். எடுத்துப் பார்த்தால் கீழ்க்கால் எலும்பின் மேல்முனை. பக்கத்திலேயே தொடை எலும்பின் கீழ்முனையும் கிடைத்தது. சுமார் 34 லட்சம் ஆண்டு பழைய முட்டி! இரண்டையும் பொருத்தியபோது தொடை எலும்பு செங்குத்தாக நிற்காமல் சாய்ந்து நின்றது. நமக்கும் அப்படித்தான். இடுப்பிலிருந்து தொடை எலும்பு உள்பக்கமாகச் சரிந்து இறங்குவதால் பாதம் உடம்பின் நடுவுக்குக் கீழே வந்துவிடுகிறது. ஒரு காலைத் தூக்கும்போது நாம் விழுவதில்லை. சிம்பன்சிக்கு அந்தச் சாய்வு இல்லை. அதனால்தான் எழுந்து நடந்தால் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே போகும்.

இதில் இன்னொரு சங்கதி உண்டு. இந்தச் சாய்வோடு யாரும் பிறப்பதில்லை. கைக்குழந்தையின் தொடை எலும்பு நேராகத்தான் இருக்கும். நடை பழகப் பழக, எடை இறங்க இறங்க, முட்டிப் பக்கம் அது சாய்வாக வளர்கிறது. நடக்கவே முடியாமல் போன பிள்ளைகளுக்கு அது வருவதில்லை. ஆக ஹடார் முட்டிக்காரர் சின்ன வயதிலிருந்தே நடந்து திரிந்தவர். அடுத்த ஆண்டு அங்கேயே கிடைத்த லூசி என்ற எலும்புக்கூட்டின் இனத்துக்கு மூளை சிம்பன்சியைவிடக் கொஞ்சம்தான் பெரிது. மூளை பெருத்த பிறகுதான் நிமிர்ந்தோம் என்ற பழைய கதை அதோடு படுத்துவிட்டது.

இப்போது என் கோபத்துக்கு வருகிறேன். சாட் பாலைவனத்தில் 2001இல் கிடைத்த தூமாய்க்கு வயது சுமார் 70 லட்சம் ஆண்டு. மண்டையோடு 2002லேயே நேச்சர் இதழில் வந்து உலகப் புகழ் பெற்றது. தொடை எலும்போ விலங்கு எலும்புகளோடு சேர்ந்து கிடந்தது. 2004இல் பிரான்ஸின் புவாத்தியே பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவியின் கண்ணில் பட்டது. கண்டெடுத்த தரப்பு அதைப் பற்றி விரிவாக எழுதியது 2022இல்! அதற்குள் 2020இல் ரொபெர்த்தோ மாக்கியரெல்லி என்ற ஆய்வாளரின் தரப்பு, பழைய படங்களையும் அளவுகளையும் வைத்தே, இது வழக்கமாக இரு காலில் நடந்த உயிரின் எலும்பாகத் தெரியவில்லை என்று எழுதிவிட்டது. நடந்ததுதான் என்பது கண்டெடுத்தவர்கள் கட்சி.

வழக்கு இழுப்பதற்குக் காரணம், எலும்பின் இரு முனையும் இல்லை. முட்டி போச்சு, இடுப்பில் பொருந்தும் குமிழும் போச்சு. தண்டின் வளைவையும் சுவரின் தடிமனையும் தசை ஒட்டிய தடங்களையும் வைத்துத்தான் வாதாட வேண்டும். மரமேறிக்கொண்டே அவ்வப்போது நிமிர்ந்தும் நடந்திருக்கலாம் என்பது என் எண்ணம். நம்மைப் போலவே நடந்தது என்று சத்தியம் பண்ண அந்தத் தண்டு போதாது.

கென்யாவில் 2000இல் கிடைத்த ஓரோரின் என்ற இன்னொரு ஆதிப் புதைபடிவத்தின் தொடை எலும்புகளை மறு ஆண்டே வெளியிட்டார்கள். அதற்கும் சண்டை வந்தது. ஆனால் 2008க்குள் வேறு ஆய்வாளர்கள் அளந்து பார்த்து, இரு காலில் நடந்ததுதான் என்று எழுதிவிட்டார்கள். மண்டையோட்டை ஒரே வருடத்தில் ஊருக்குக் காட்டியவர்கள், தொடை எலும்பை மட்டும் ஏன் இத்தனை காலம் காட்டவில்லை?