அசனக் கணக்கு மட்டும்தான் ஆண்கள் ஐக்கியத்தின் வேலையா?

எங்கள் காரைக்குடிப் பக்கத்துத் திருச்சபைகளில் பெண்கள் ஐக்கியம் ஒழுங்காகக் கூடுகிறது. வாலிபர் கூட்டமும் ஓய்வுநாள் பள்ளியும் நடக்கின்றன. ஆண்கள் ஐக்கியம் என்ன செய்கிறது என்று கேட்டால், அசனத்துக்கு, அதாவது சபையின் பொது விருந்துக்கு, அரிசி வாங்குகிறது, பந்தல் போடுகிறது, கன்வென்ஷனுக்கு நாற்காலி பிடிக்கிறது. இவையும் யாராவது செய்தாக வேண்டிய வேலைகள்தான். ஆனால் வருஷக்கணக்கில் சேர்ந்து பந்தி பரிமாறியவர்களுக்கே, ஒருவர் வீட்டுக் கஷ்டம் இன்னொருவருக்குத் தெரிவதில்லை. இது எனக்கு ரொம்ப வருத்தமாக இருக்கிறது.

வயதிலும் விசுவாசத்திலும் மூத்த ஒருவர், இளையவன் ஒருவனைக் கூடவே வைத்து நடத்திக்கொண்டு போவதுதான் ஆண்கள் ஐக்கியத்தின் முதல் வேலை என்று நினைக்கிறேன். மற்றதெல்லாம் அப்புறம்.

இந்த மண்ணுக்கு இது புதுசும் இல்லை. இந்தப் பக்கத்து நகரத்தார் வணிகர்கள் பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக்கடை வைத்திருந்த காலத்தில், ஒரு பையன் கடையின் கடைநிலை வேலைக்குப் பெட்டியடிப் பையனாகக் கப்பல் ஏறுவான். பேரேடு எழுதப் பழகி, அடுத்தாளாகி, பிறகு மேலாளாகக் கடையையே நடத்துவான். யாருக்குக் கடன் கொடுக்கலாம், யாருக்குக் கூடாது என்பதைப் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்தே கற்றான். தொழிலுக்கு இவ்வளவு பொறுமை காட்டிய ஊரில், விசுவாசத்தை மட்டும் ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்திலேயே கற்றுக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறோம்.

பைபிளில் வரும் பர்னபாவைப் பாருங்கள். முன்பு விசுவாசிகளைத் துன்புறுத்திய பவுலைக் கண்டு எருசலேமில் எல்லோரும் பயந்தபோது, அவரை அப்போஸ்தலரிடம் அழைத்துப் போனவர் அவர். பிறகு தர்சு வரைக்கும் தேடிப்போய் அந்தியோகியாவுக்குக் கூட்டி வந்தார். ஊழியப் பயணத்தைப் பாதி வழியில் விட்டுப்போன மாற்குவைப் பவுல் வேண்டாம் என்றபோதும், பர்னபா அந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு சீப்புரு தீவுக்குக் கப்பல் ஏறினார். பின்னாளில் அதே பவுல், மாற்கு எனக்குப் பிரயோஜனமானவன், கூட்டி வா என்று தீமோத்தேயுவுக்கு எழுதுகிறார். நடுவில் ஒருவர் கைவிடாமல் இருந்ததை நான் முக்கியமாகப் பார்க்கிறேன்.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், செல்போன் கடையில் வேலை பார்க்கும் ஒரு தம்பியோடு சாயங்காலத்தில் சபைக் கோயில் தாழ்வாரத்தில் உட்காருவார். முதலில் பையனுடைய கணக்கு நோட்டு. யாரிடம் கைமாத்து வாங்கினான், வட்டி என்ன, சீட்டு எத்தனை பாக்கி. "ஐயா, இந்த மாசமும் தவணை கட்டல" என்றால் அவர் முகம் சுளிப்பதில்லை. "சரிப்பா, எவ்வளவு குறையுது, எழுது" என்பார். அதற்குப் பிறகுதான் சுவிசேஷத்தில் ஒரு பகுதி, கொஞ்சம் ஜெபம். கடனைப் பற்றி உண்மை பேசப் பழகியவனுக்கு ஆண்டவரிடம் உண்மை பேசவும் வருகிறது. சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போன நம் பிள்ளைகளுக்கு, தனியாக இருக்கும் ராத்திரியில் கூப்பிட இப்படி ஒரு ஐயா இருந்தால் எவ்வளவு நல்லது!

சில விஷயங்களில் கறாராக இருக்க வேண்டும். நம்பிச் சொன்னது கமிட்டியில் பேச்சானால் அதோடு எல்லாம் முடிந்தது. அதற்காக, மனைவியை அடிக்கிறான், பிள்ளைக்கு ஆபத்து என்று தெரிந்தும் ரகசியம் என்று மூடி வைக்கக் கூடாது. 18 வயது நிரம்பாதவர்களைப் பெற்றோருக்குத் தெரிந்து, நாலு பேர் பார்க்கும் இடத்தில்தான் சந்திக்க வேண்டும். குடிக்கு அடிமையானவனுக்காக ஜெபிப்பதோடு டாக்டரிடமும் கூட்டிப்போக வேண்டும்.

சாதியைப் பற்றியும் சொல்லித்தான் ஆகவேண்டும். அவரவர் சொந்தக்காரப் பையனையே தேர்ந்தெடுத்துக்கொண்டால் இது குடும்பக் காரியமாகிவிடும். திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் பங்கெடுக்கிறோம். இன்னொரு தெருப் பையனின் வீட்டுக்குப் போய் ஒரு டம்ளர் காப்பி குடிக்க ஏன் தயங்க வேண்டும்?

சபைகளில் பொறுப்பில் இருக்கும் அண்ணன்மாருக்கு என் வேண்டுகோள்: ஈஸ்டருக்கு முன்னால் வருகிற லெந்து எனும் உபவாச நாட்களில் இதைத் தொடங்குங்கள். பேனர் வேண்டாம், சிறப்புப் பேச்சாளர் வேண்டாம். மனமுள்ள நாலைந்து மூத்தவர்கள் ஆயரிடம் பெயர் கொடுக்கட்டும், ஆளுக்கு ஒரு தம்பியை ஆயர் சேர்த்துவிடட்டும். ஈஸ்டரோடு நிறுத்திவிடாமல் அடுத்த வருஷமும் அதே இருவர் சந்திக்கட்டும்.