மாநிலம் மாறினால் பாக்கி மறையாது

"அமெரிக்காவில் குழந்தைப் பராமரிப்புத் தொகை கட்டாததற்கு வாரண்ட் வந்தால், பக்கத்து மாநிலத்துக்குக் குடிபோய்விடுங்கள், யாரும் தொட முடியாது" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இது தவறு. (பிரிந்து வாழும் பெற்றோரில் ஒருவர், பிள்ளையை வளர்க்கும் மற்றவருக்கு நீதிமன்ற உத்தரவுப்படி கட்டுவதுதான் இந்தத் தொகை.) நம்பி ஏமாறுபவர் கட்டாத தகப்பன் மட்டுமல்ல, "இனி வராது" என்று மனம் தளர்ந்துவிடும் தாயும்தான்.

இதில் ஒரு துளி உண்மை உண்டு. நீதிமன்ற அவமதிப்புக்கான சிவில் வாரண்டுக்காக வேறு மாநிலம் வரை ஆள் அனுப்பிப் பிடித்துவரப் பெரும்பாலும் யாரும் மெனக்கெடுவதில்லை. ஆனால் வாரண்ட் ரத்தாகாது. ஊர் திரும்பும்போது சாதாரண வாகனச் சோதனையிலேயே சிக்கலாம்.

சரி, பணம்? 1996-ல் வந்த கூட்டாட்சிச் சட்டத்தால் எல்லா மாநிலங்களும் ஒரே மாதிரியான பராமரிப்புச் சட்டத்தை ஏற்றன. அதன்படி டெக்சாஸ் நீதிமன்ற உத்தரவு ஒஹாயோவில் இருக்கும் முதலாளிக்கு நேராகவே போகலாம். அங்கே முதலில் பதிவு செய்யக்கூடத் தேவையில்லை. சம்பளச் சீட்டில் பிடித்தம் விழுந்துவிடும். பாக்கி 2,500 டாலரைத் தாண்டினால் பாஸ்போர்ட் மறுக்கப்படும். வசதியிருந்தும் வேண்டுமென்றே கட்டாமல், வேறு மாநிலத்தில் வாழும் பிள்ளைக்கு ஓராண்டுக்கு மேலோ 5,000 டாலருக்கு மேலோ பாக்கி வைத்தால் அது கூட்டாட்சிக் குற்றம்.

உண்மையிலேயே வேலை போனவர்கள் ஓட வேண்டாம். தொகையைக் குறைக்கக் கோரி உடனே மனு போடுங்கள். மனு கொடுப்பதற்கு முன் சேர்ந்த பாக்கியை நீதிபதியால்கூடக் குறைக்க முடியாது.