தண்ணீர் எங்கே போகிறது என்று முதலில் கேளுங்கள்

எங்கள் வீட்டில் ஓடுவது 2005ஆம் ஆண்டு பதிவான எட்டு இருக்கை வேன். முன் இருக்கைக்கு அடியில் என்ஜின், முகப்பில் அதன் சூட்டைத் தணிக்கும் தண்ணீரை ஆறவைக்கும் ரேடியேட்டர், இரண்டையும் இணைக்கும் நீண்ட குழாய்கள் வண்டியின் அடிப்பகுதியில். இதே அமைப்புள்ள பழைய வேன்களை வைத்திருப்பவர்களை நாகர்கோவிலிலும் தக்கலையிலும் அடிக்கடி சந்திக்கிறேன். வண்டி சூடாகிறது, தண்ணீர் குறைகிறது, ரேடியேட்டரை மாற்றியும் தீரவில்லை என்பதே எல்லோருடைய குறையும். பட்டறையில் அவர்களுக்குக் கிடைக்கும் பதிலும் பெரும்பாலும் ஒன்றே: "வண்டி பழசாச்சுல்லா அண்ணாச்சி, இனி இப்பிடித்தான் இருக்கும்." இந்தப் பதிலை நான் ஏற்கவில்லை. மூடிய சுற்றில் ஓடும் தண்ணீர் குறைகிறது என்றால் அது எங்கோ வெளியேறுகிறது. எங்கே என்று பார்க்காமல் பொருளை மாற்றுவது பழுதுபார்ப்பு ஆகாது.

சென்ற மே மாதம் அம்மாவைத் திருவனந்தபுரத்து மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். களியக்காவிளைச் சந்தையருகே நெரிசலில் நின்றபோது, என்ஜின் சூட்டை எச்சரிக்கும் சிவப்பு விளக்கு வண்டிக்குள் எரிந்தது. அதற்குள் இருக்கைக்கு அடியிலிருந்து ஆவி வரத் தொடங்கிவிட்டது. நடக்க முடியாத அம்மாவை வெயிலில் இறக்கி, ஒரு கடை வாசலில் உட்காரவைத்து, ஆட்டோ பிடித்து அனுப்ப வேண்டியதாயிற்று. அதற்கு நான்கு மாதங்களுக்கு முன்புதான் ஒரு பட்டறையில் புது ரேடியேட்டர் போட்டிருந்தோம். பிறகு இன்னொரு பட்டறையில், "இந்த ஊர் வெயிலுக்கு இது தேவையில்லை" என்று சொல்லி, என்ஜின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் வைத்திருக்கும் தெர்மோஸ்டாட் வால்வைக் கழற்றிக் கையில் கொடுத்தார்கள். மூன்றாவதாகக் குழித்துறைப் பக்கம் ஒரு சிறிய பட்டறையில், தம்பி ஒருவர் கைப்பம்பு போன்ற கருவியை ரேடியேட்டர் வாயில் பொருத்திக் காற்றழுத்தம் கொடுத்துப் பார்த்தார். முள் இறங்கவில்லை, அதாவது எங்கும் ஒழுகல் இல்லை. அடுத்து மூடியை மட்டும் சோதித்தார். அழுத்தம் ஏறுவதற்கு முன்பே அது திறந்துகொண்டது. புது ரேடியேட்டருக்குப் பழைய மூடியையே போட்டிருக்கிறார்கள்!

அந்த மூடியை வெறும் மூடி என்று நினைப்பதே பாதித் தொல்லைக்குக் காரணம். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். 0.9 பார் அழுத்தத்தைத் தாங்கும் மூடி இருந்தால் அதே தண்ணீர் ஏறத்தாழ 118 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் சுருள்வில் தளர்ந்தாலோ ரப்பர் வளையம் வெடித்தாலோ அந்தப் பாதுகாப்பு போய்விடும். தண்ணீர் கொதித்து, பக்கத்துப் புட்டிக்குத் தள்ளப்பட்டு, அதுவும் நிரம்பித் தரையில் வழியும். ஓட்டுநர் மீண்டும் தண்ணீர் ஊற்றுவார், மீண்டும் குறையும். (சூடான வண்டியில் இந்த மூடியைத் தயவுசெய்து திறக்காதீர்கள். எங்கள் தெருவில் ஒருவருக்கு முழங்கை வரை வெந்துபோனதை நேரில் பார்த்தவன் நான்.)

எப்போது சூடாகிறது என்பதைக் கவனித்துச் சொல்பவருக்குப் பாதி வேலை முடிந்துவிடுகிறது. நெரிசலில் நிற்கும்போது ஏறி, ஓடத் தொடங்கியதும் இறங்கினால் மின்விசிறியையும் அதன் சுவிட்சையும் ரிலேயையும் சந்தேகிக்க வேண்டும், ஏனென்றால் நிற்கும் வண்டிக்கு அந்த விசிறியைத் தவிர வேறு காற்று இல்லை. பேச்சிப்பாறை ஏற்றத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஏறினால் ரேடியேட்டர் குழல்கள் அடைபட்டிருக்கலாம், வாட்டர் பம்பு தேய்ந்திருக்கலாம், தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்காமல் இருக்கலாம். குளிர்ந்த என்ஜினை முடுக்கிய சில நொடிகளிலேயே தண்ணீரில் குமிழ்கள் தொடர்ந்து வந்தால், அல்லது என்ஜின் ஆயில் பால் கலந்த தேநீர் போல மாறினால், என்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் ஒழுகாமல் அடைத்திருக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது என்று கொள்ளலாம். அப்படியானால் ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறைக்கு அனுப்ப நேரிடும். நம் வகை வேனில் இன்னொன்றும் உண்டு: நீண்ட குழாய்களில் காற்று சிக்கிக்கொண்டால், தண்ணீர் நிறைந்திருப்பது போலத் தெரிந்தாலும் சுற்றாது. ஆகவே தண்ணீர் மாற்றும்போதெல்லாம் காற்றைப் பொறுமையாக வெளியேற்றியே தீர வேண்டும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றும் பழக்கத்தை நான் முழுமையாக எதிர்க்கிறேன். அது இல்லாவிட்டால் என்ஜின் வேண்டிய சூட்டுக்கு வரவே நெடுநேரம் பிடிக்கும். பெட்ரோல் கூடுதலாகச் செலவாகும், தேய்மானமும் கூடும். சில என்ஜின்களில் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பக்கவழியில் திரும்பிவிடுவதால் சூடு குறைவதற்குப் பதிலாக ஏறவே செய்யும். பழுதானால் புதியது போட வேண்டும், அவ்வளவுதான்.

உரிமையாளர்களாகிய நம்மிடமும் குறை இருக்கிறது. முட்டம், குளச்சல் பகுதிகளில் கடலோரப் போர்க்குழாய்த் தண்ணீரையே ஆண்டுக்கணக்கில் ஊற்றி வருகிறவர்களை எனக்குத் தெரியும். அதிலுள்ள சுண்ணாம்பு குழல்களில் படிந்து அடைக்கிறது, உப்பு அலுமினியத்தை அரிக்கிறது. போதாததற்குக் கடற்காற்று ரேடியேட்டரின் வெளிப்புறத் தகடுகளைத் தின்கிறது. ரேடியேட்டர் தண்ணீரில் கலக்கும் கூலண்ட் திரவம் என்பது குளிர்நாட்டுக்கு மட்டுமான பொருள் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. உண்மையில் அது கொதிநிலையைச் சற்று உயர்த்துவதோடு துருவையும் தடுக்கிறது, வாட்டர் பம்பின் சீலையும் காக்கிறது. அதைப் பேட்டரிக் கடையில் கிடைக்கும் உப்பு நீக்கிய தண்ணீரோடு கலந்து, குறித்த காலத்தில் மாற்றுவது ஒரு ஹெட் வேலைக்கு ஆகும் செலவின் முன் ஒன்றுமே இல்லை.

ஆனால் இதையெல்லாம் சரியாகச் செய்கிறவருக்கும், வெப்பநிலை காட்டும் முள் இல்லாமல் சிவப்பு விளக்கை மட்டும் வைத்து வண்டி விற்றது நியாயமில்லை. தண்ணீர் முழுவதும் வெளியேறிவிட்டால் உணரியைச் சுற்றி ஆவிதான் இருக்கும், அப்போது அந்த விளக்கு எரியும் என்பதற்கும் உறுதியில்லை. அதனால் புது மூடியும் தெர்மோஸ்டாட்டும் போட்ட அதே நாளில் தனியாக ஒரு வெப்பமானியையும் பொருத்தச் சொன்னேன். போன வாரம் அம்மாவின் அடுத்த பரிசோதனைக்காக மீண்டும் திருவனந்தபுரம் சென்றோம். களியக்காவிளையில் அதே நெரிசலில் முள் 95ஐத் தொட்டது, விசிறி சுழன்றது, 88க்கு இறங்கியது. அம்மா வண்டியை விட்டு இறங்கவில்லை.