அந்த ரேஸ்ட பேரச் சொல்லி நியாயம் கதைக்காதீங்க

ராவு முழுக்க எழுதி அழிச்சி எழுதி அழிச்சி இப்பதான் போடுறன். பாலத்தடியில ஒரு பொடியன் பைக் ரேஸ் ஓடி, சைக்கிள்ல தயிர் கொண்டு வந்த ஐயாவ அடிச்ச விசயத்தப் பத்தி நான் போட்ட பதிவுக்குக் கீழ ஒரு தம்பி வந்து, "அண்ண, ஐல் ஒஃப் மேன்ல ரோட்டுலதான் ரேஸ் ஓடுறானுகள், வெள்ளக்காரன் ஓடினா வீரம், நம்மட பொடியன் ஓடினா குற்றமா" எண்டு எழுதியிருக்கார். ஐல் ஒஃப் மேன் எண்டது இங்கிலாந்துப் பக்கத்துத் தீவு, அங்க ஊர் ரோட்டுல நடக்கிற பைக் ரேஸத்தான் சொல்றார். அந்தக் கொமென்டுக்கு நூத்துக்கு மேல லைக். லைக் போட்டவங்கட பேரெல்லாம் ஒண்ணொண்ணாப் பாத்தன், என்ட கராஜுக்கு வாற பொடியனுகளும் அதுக்குள்ள இருக்கானுகள். கோவத்த விட நெஞ்சுக்குள்ள என்னவோ செஞ்சிது.

தம்பி, அந்த ரேஸ்ட பேர எடுக்கக்குள்ள கொஞ்சம் அறிஞ்சி எடுங்க. நீங்க பாத்த வீடியோவ நானும் பாத்திருக்கன், ஒரு தரம் இல்ல, நூறு தரம். ஒரு ரவுண்ட் 60.72 கிலோமீற்றர், மட்டக்களப்பு டவுன்ல இருந்து கிட்டத்தட்ட அக்கரைப்பற்று போற தூரம், இருநூறுக்கு மேல வளைவு, கல்லு மதிலும் லைட் போஸ்ட்டும் வீட்டு வாசலும் கைக்கெட்டுற தூரத்துல, மறுகா ஸ்னேஃபெல் மலையில ஏறி இறங்கணும். அத 2023ல பீட்டர் ஹிக்மன் 16 நிமிசம் 36 செக்கன்ல முடிச்சார். நம்மட பஸ்ஸுக்கு அந்த நேரத்துல காத்தான்குடி தாண்டவே கஸ்டம். வீடியோவுல அந்த 16 நிமிசம்தான் இருக்கு. அதுக்கு முன்னால அவர் எத்தின வருசம் எத்தின படி ஏறி வந்தார் எண்டு வீடியோவுல இல்ல. அதே ஹிக்மன் 2014லதான் அங்க புதுசா வந்தவர். ஒம்பது வருசம் தம்பி.

அங்க பைக் இருக்கிறவனெல்லாம் போய் நிக்கேலாது. மற்ற ரேஸ்கள்ல ஓடி முடிச்ச கணக்குக் காட்டணும், அந்த மலை ரோட்டுக்கெண்டே தனி லைசன் எடுக்கணும், அதெல்லாம் இருந்தாலும் நடத்துறவங்க உங்கள எடுக்கணுமெண்டு சட்டமில்ல, வேணாமெண்டா வேணாம்தான். எடுத்தாலும் உடன பைக்குல ஏத்துறல்ல. வாகனத்துல வெச்சி பழைய ஆக்கள் வளைவு வளைவாக் காட்டுவாங்க, இதுக்குப் பேர் இது, இங்க நிமிந்தா அங்க போய் மதில்ல அடிப்ப எண்டு. மறுகா முதலாவது ரவுண்ட், ஒறேஞ்ச் கலர் மேலங்கி போட்டு, ரோட்டு தெரிஞ்ச மார்சலுக்கு, அதாவது ரேஸ் நடத்துறவங்கட ஆளுக்குப் பின்னால வரிசையாப் போகணும், முந்தேலாது. வேற இடத்துல சம்பியனா இருந்து வந்தவனும் அங்க புது ஆள்தான், அவனும் பின்னாலதான் போகணும்.

அதுக்குப் பிறகுதான் குவாலிஃபையிங் கிழமை, ஓடத் தகுதியா எண்டு பாக்கிற கிழமை. சட்டப்படி ரோட்ட மூடி, மாடு மனுசன் இல்லாம ஆக்கி, மலையில பனிப்புகார் இறங்கி, காயப்பட்டவன ஏத்துற ஹெலிகொப்டர் பறக்கேலாதெண்டா அண்டைக்கு ஓட்டமே இல்ல. அந்தக் கிழமைக்குள்ள உங்கட பைக் வகுப்புல மூண்டாவது வேகமா ஓடினவன்ட நேரத்துல 115 வீதத்துக்குள்ள நீங்க ஓடிக் காட்டணும். அவன் 17 நிமிசம் எண்டா நீங்க 19 நிமிசம் 33 செக்கனுக்குள்ள வரணும், 20 எண்டா சாமானக் கட்டிட்டு வீட்ட போகணும். ஏனெண்டா மெதுவா ஓடுறவனும் அந்த ரோட்டுல ஆபத்து, வேகமா வாறவன் அவனுக்குப் பின்னால வந்து விழுவான். ரேஸ் அண்டைக்கும் கூட்டமா விடுறல்ல, பத்துப் பத்து செக்கன் இடைவெளியில ஒவ்வொருத்தராத்தான் விடுவாங்க. இதெல்லாம் ஏன் எழுதுறன் எண்டா, அந்த ரேஸே இந்தத் தகுதிதான். வேகம் எல்லாருக்கும் தெரியும், தகுதி இல்லாதவன ரோட்டுல இறங்க விடாம நிப்பாட்டுறதுதான் அங்க பெரிய வேல.

இப்ப சொல்லுங்க, பாலத்தடியில விடிய ஆறு மணிக்கு ஓடின அந்தப் பொடியன்ட தகுதியப் பாத்தவர் ஆர்? ரோட்ட மூடினவர் ஆர்? தயிர் முட்டி கட்டின சைக்கிளோட வந்த ஐயாவுக்கு இண்டைக்கு இதால ரேஸ் போகுதெண்டு சொன்னவர் ஆர்?

"நீயும் ஒரு காலத்துல ஓடினவன்தானே" எண்டு கேப்பீங்க. ஓம், ஓடினன். செக்பொயின்ட்ல இறங்கி பைக்க உருட்டிட்டுப் போன காலத்துல வளந்தவங்க நாங்க, சண்ட முடிஞ்சி காப்பட் ரோட்டு வந்த உடன விசர் பிடிச்ச மாதிரி ஓடினம். என்ட தம்பி என்ன விட ஓடினான். அவனுக்கு இந்த ரேஸ் எண்டா உசிர், நெட் கபேயில மணிக்கணக்கா இருந்து பாப்பான், அந்த ரோட்டுட இடங்கள பிரே ஹில், பலாஃப் பாலம், கூஸ்நெக் எண்டு நம்மட ஊர்ப் பேர் மாதிரி சொல்லுவான், ஜோயி டன்லப் எண்ட ஓட்டக்காரர் அங்க 26 தரம் வெண்ட கதையச் சொல்லிச் சொல்லி அம்மாவுக்கே பாடம். 2012ல ராவு பத்து மணிக்கு பதுளை ரோட்டுல, கரடியனாறு பக்கம், மாடு குறுக்க வந்திது. மாடு அந்த இடத்துலயே செத்துட்டு. தம்பிக்கு இடது காலுல கம்பி, ஆறு மாசம் கட்டில். அந்தக் கட்டில்ல கிடந்துதான் அவன் ரேஸ்ட சட்டமெல்லாம் டிக்ஸனரி வெச்சி வாசிச்சான். நான் மேல எழுதின எல்லாம் அவன் எனக்குச் சொல்லித் தந்தது. ஒரு நாள் சொன்னான், "அண்ண, நான் அங்க போயிருந்தா என்ன கேட்டுக்குள்ளயே விட்டிருக்க மாட்டானுகள்." அத அவன் சொல்லக்குள்ள நான் முகத்த அங்கால திருப்பிட்டன். அவனுக்கு பைக் வாங்க லீசிங்குக்கு கையெழுத்து வெச்சது நான்.

"இஞ்ச ட்ராக் இல்லயே, எங்க ஓடுற" எண்டு கேக்குறது நியாயம். கிழக்குல ஒரு பொடியனுக்கு ரேஸ் ஆச வந்தா எங்க போவான்? ரேஸுக்குப் பேர் போன மகாகஸ்தோட்டைக்கும் தியத்தலாவைக்கும் மலைநாட்டுக்குப் போக பஸ் காசு, பைக் காசு, லைசன் எல்லாத்துக்கும் ஆர் குடுக்குற. இதுல உங்களோட நானும் நிக்கிறன், இடம் கேட்டு மனுக் குடுக்கிறதெண்டா முதல் கையெழுத்து என்ட. ஆனா ட்ராக் இல்லாதது அந்த ஐயாட குற்றமா மனே? பசிக்குதெண்டு அடுத்தவன்ட பிள்ளைட கோப்பையில கை வெக்கேலுமா?

"அங்கயும் சாகுறாங்க" எண்டும் ஒருத்தர் எழுதியிருக்கார். சாகுறாங்கதான். 1911ல அந்த மலை ரோட்டுல தொடங்கின நாள்ல இருந்து 260 பேருக்கு மேல. 2022ல சைட்காரில, அதாவது ரெண்டு பேர் ஓடுற மூண்டு சில்லு வண்டியில, ஓடின தகப்பனும் மகனும் ஒண்டாச் செத்தாங்க. நம்மட நாட்டுலயும் 2024 ஏப்ரல்ல தியத்தலாவ ஃபொக்ஸ் ஹில்ல கார் தடத்த விட்டு சனத்துக்குள்ள பாய்ஞ்சி 7 பேர் போனாங்க, ஒரு சின்னப் பிள்ளையும் அதுக்குள்ள. இவ்வளவு சட்டம் வெச்சும் இவ்வளவு சாவு எண்டா, ஒரு சட்டமும் இல்லாம பாலத்துல ஓடினா என்ன நடக்கும் எண்டு நீங்களே சொல்லுங்க. இந்தக் கேள்விய நீங்க எனக்கு எதிராக் கேட்டீங்களா, எனக்காகக் கேட்டீங்களா எண்டே எனக்கு விளங்கல்ல.

பொலிஸ் என்ன செய்யுது எண்டு கேட்டவங்களுக்கு நான் பதில் சொல்லப் போறல்ல, அது வேற கதை.

கோட்டால விட்ட மறுகா அந்தப் பொடியன்ட தகப்பன் பைக்க என்ட கராஜுலதான் கொண்டு வந்து போட்டிருக்கார். "தம்பி, வித்துப்போட்டு அந்த ஐயாட மருந்துச் செலவுக்குக் குடுக்கணும், ஓடுற மாதிரி ஆக்கித் தாங்க" எண்டு சொல்லிட்டு கதிரையில இருந்து அழுதார். நல்ல மனுசன். பைக்க இறக்கிப் பாத்தன். முன் பிரேக் பேட் தேஞ்சி இரும்பு டிஸ்க்குல உரசிக் கிடக்கு, பின் டயர் மொட்டை, ஃபோர்க்குல ஒயில் கசியுது, ரெண்டு கண்ணாடியும் கழட்டிட்டான், ஆனா சைலன்சர் மட்டும் புதுசு. அங்கயெண்டா ஒவ்வொரு தரம் ரோட்டுல இறங்க முதலும் பைக்கையும் ஹெல்மெட்டையும் தோல் சூட்டையும் செக் பண்ணித்தான் விடுவாங்க, இந்த பைக் அந்தச் செக்கிங்க தாண்டியே இருக்காது.

எஞ்சின்ட ஃபின்னுக்குள்ள வெள்ளயா ஏதோ காஞ்சி ஒட்டிக் கிடந்திது. முதல்ல பெயின்ட் எண்டு நினச்சிட்டன். நகத்தால சுரண்டிப் பாத்தா தயிர். மணல் கலந்த தயிர், அதுக்குள்ள முட்டி ஓட்டுத் துண்டு ஒண்டு. என்னால அதுல கை வெக்க ஏலல்ல, மூண்டு நாளா மூடி வெச்சிருந்தன். ஞாயித்துக்கிழமை தம்பி காலை இழுத்து இழுத்து வந்தான், ஒண்டும் கேக்கல்ல, தண்ணி வாளியும் பிரஸ்ஸும் எடுத்து கீழ இருந்து ஃபின் ஃபின்னாக் கழுவினான். அந்தக் காலை மடக்கி நிலத்துல இருக்க அவனுக்கு எவ்வளவு நோகும் எண்டு எனக்குத் தெரியும். கழுவி முடிச்சிட்டுத்தான் அந்தக் கொமென்ட அவனுக்குக் காட்டினன். வாசிச்சிட்டு போனத் திருப்பித் தந்தான், ஒண்டும் கதைக்கல்ல.

ஐயாவுக்கு வியாழக்கிழமை ரெண்டாவது ஒப்பரேசன். ஓ பொசிட்டிவ் ரத்தம் தேவையெண்டு அவர்ட மகள் கேட்டிருக்கா. குடுக்கக்கூடியவங்க இன்பொக்ஸ்ல வாங்க, புதன் காலம்புற நானும் தம்பியும் போறம். லைக் போட்ட பொடியனுகளும் வாங்கடா, வாட்டுல அவரையும் ஒருக்காப் பாத்துட்டு வருவம்.