யார் யாரைத் திட்டுகிறார்கள்?

பள்ளிக்கூட ஆங்கில கைடுகளில் சினானிம்ஸ் பகுதியைப் பார்த்திருப்பீர்கள். ஸ்கோல்ட், ரிபியூக், ரிப்ரிமேண்ட், ரிப்ரோச், ச்சைட். அத்தனைக்கும் சேர்த்து எதிரே ஒரே அர்த்தம்: திட்டு. மனப்பாடம் செய்தால் மார்க் வந்துவிடும். ஆனால் அந்த வரிதான் பிறகு ஆயுசு முழுக்க நம் ஆங்கிலத்தைப் படுத்துகிறது என்பது என் கட்சி.

தமிழில் நமக்கு இந்தக் குழப்பமே கிடையாது. கட்சித் தலைவர் கண்டிக்கிறார். பாட்டி வைகிறாள். வாத்தியார் அதட்டுகிறார். திருநெல்வேலிக்காரரும் யாழ்ப்பாணத்துக்காரரும் ஏசுவார்கள். "பாட்டி கடும் கண்டனம் தெரிவித்தாள்" என்று எழுதினால் எல்லோரும் சிரிப்பார்கள், ஏன் சிரிப்பு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆங்கிலத்திலும் அதே கதைதான். யார் திட்டுகிறார், யாரை, எத்தனை பேர் முன்னால், என்ன உரிமையில் என்று பார்த்துத்தான் சொல் அமைகிறது. கோபத்தின் டிகிரி எல்லாம் அப்புறம்.

ஸ்கோல்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா பிள்ளையை, டீச்சர் மாணவனை. நாற்பது வயது ஆள் 'மை மேனேஜர் ஸ்கோல்டட் மீ' என்று எழுதினால், அதை லண்டனில் வாசிப்பவர் கண்ணில் அரை டிராயர் போட்ட பையன் கையைக் கட்டிக்கொண்டு நிற்பான். இலக்கணப் பிழை ஒன்றும் இல்லை. நம் ஊரிலும் சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் அது தாராளமாகப் புழங்குகிறது, நமக்குள் பேச அதுவே போதும். வெளியே போகும்போதுதான் சங்கடம். பிரிட்டிஷ்காரர் பேச்சில் 'டோல்ட் மீ ஆஃப்' என்பார், அமெரிக்கர் 'ச்சூட் மீ அவுட்' (மென்று துப்பினார்) என்பார். ஆபீஸ் மெயிலில் இரண்டும் வேண்டாம். மேனேஜர் உங்கள் ரிப்போர்ட்டைக் குறை சொன்னார் என்றால் ரிப்போர்ட்டை 'கிரிட்டிசைஸ்' செய்தார் என்று எழுதுங்கள். திட்டு ரிப்போர்ட்டோடு போகட்டும்.

இதைவிட ஆபத்தானது ஃபயர். "மேனேஜர் செம ஃபயர் விட்டார்" என்பது நம் ஆபீஸ்களில் அன்றாட வசனம். நண்பர் ஒருவர் அதே நினைப்பில் அமெரிக்க சகா ஒருவருக்கு 'மை மேனேஜர் ஃபயர்டு மீ' என்று சாட்டில் தட்டிவிட்டார். அந்தம்மா பதறிப்போய், வேறு வேலை தேட உதவட்டுமா என்று கேட்டிருக்கிறார். அங்கே அதற்கு வேலையை விட்டுத் தூக்கிவிட்டார் என்றுதான் பொருள்.

ஸ்கோல்டுக்கு ஒரு பழைய அசிங்கமும் உண்டு. அது முதலில் ஆளைக் குறித்த பெயர்ச்சொல். வாயாடி, அதிலும் பெரும்பாலும் பெண். 'காமன் ஸ்கோல்ட்' என்று இங்கிலாந்தில் ஒரு குற்றமே இருந்தது. அக்கம்பக்கத்தோடு ஓயாமல் சண்டை பிடிக்கும் பெண்ணை நாற்காலியில் கட்டிக் குளத்தில் முக்குவார்கள். அமெரிக்காவிலும் இந்தச் சட்டம் தொடர்ந்தது. 1829இல் வாஷிங்டனில் ஆன் ராயல் என்ற எழுத்தாளர் மீது இந்தக் குற்றச்சாட்டு வந்து, தீர்ப்பும் அவருக்கு எதிராகவே ஆனது. தண்ணீரில் முக்காமல் 10 டாலர் அபராதத்தோடு விட்டார்கள். அந்தப் பணத்தைக் கட்டியது இரண்டு பத்திரிகைக்காரர்கள்! இங்கிலாந்தில் இந்தக் குற்றம் சட்டத்திலிருந்து போனது 1967இல்தான். வாய் நீளமான ஆண்களுக்கு இப்படி ஒரு நாற்காலி ஏன் இல்லை என்று கேட்கத் தோன்றுகிறது.

இந்தச் சொற்களுக்குள் எவ்வளவு வித்தியாசம் என்பதற்கு எனக்குப் பிடித்த சாட்சி அமெரிக்க நாடாளுமன்றம். அங்கே கீழவையில் ரிப்ரிமேண்ட் ஒரு தண்டனை, சென்ஷர் அதைவிடப் பெரிய தண்டனை. சென்ஷர் என்றால் உறுப்பினர் அவையின் நடுவே போய் நிற்க, சபாநாயகர் தீர்மானத்தை அவர் முகத்துக்கு நேரே படிப்பார். ரிப்ரிமேண்டுக்கு அந்த நிற்றல் கிடையாது. 1997இல் சபாநாயகர் நியூட் கிங்ரிச்சுக்கே ரிப்ரிமேண்ட் கிடைத்தது, கூடவே 3,00,000 டாலர் கட்டச் சொன்னார்கள். 2010 டிசம்பரில் நியூயார்க்கின் சார்லஸ் ராங்கெல் முறை. வரி விவகாரம் உட்படப் பல புகார்கள். சென்ஷர் வேண்டாம், ரிப்ரிமேண்டாகக் குறையுங்கள் என்று ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். அது தோற்றது. 333க்கு 79 என்று சென்ஷர் நிறைவேறி, எண்பது வயது மனிதர் அவை நடுவில் நிற்க, நான்சி பெலோசி படித்தார். நம் கைடில் இரண்டும் 'திட்டு'. அந்த மனிதருக்கோ உட்கார்வதா நிற்பதா என்பதே அந்த ஒரு சொல்லில் இருந்தது.

மொழிபெயர்ப்பாளர்கள் நிதானமாக யோசித்தால் தமிழில் சரியான சொல் கிடைக்கத்தான் செய்கிறது. இயேசு புயலை அடக்கும் இடத்தில் ஆங்கில பைபிள் ரிபியூக் என்கிறது. தமிழில் "காற்றையும் கடலையும் அதட்டினார்". எவ்வளவு பொருத்தம்! அதட்டலில் அதிகாரம் இருக்கிறது, வசவு இல்லை.

செய்தித்தாள்கள்தான் எல்லாவற்றையும் கெடுத்து வைத்திருக்கின்றன. தலைப்பில் இடம் குறைவு, அதனால் ஸ்லாம், பிளாஸ்ட், ராப் என்று குட்டிச் சொற்கள். நம் நாட்டு ஆங்கிலப் பத்திரிகைகளுக்கு ஃபிளே மேல் தனிப் பிரியம். தோலை உரிப்பது என்று அர்த்தம், எதிர்க்கட்சிகள் அரசைத் தினமும் உரித்துக்கொண்டே இருக்கின்றன. வீட்டில் யாரும் 'மை வைஃப் ஸ்லாம்டு மீ' என்று சொல்வதில்லை. சொன்னால் அடித்துச் சாத்திவிட்டதாக நினைப்பார்கள். கோர்ட் அரசைக் கண்டித்ததற்கு 'புல்ஸ் அப்' என்று வரும் தலைப்பை அமெரிக்கர் பார்த்தால் கோர்ட் எங்கே வண்டியை நிறுத்தியது என்று தேடுவார்.

இன்னொன்று கவனித்தீர்களா? பெரும்பாலானவை மேலிருந்து கீழே விழும் சொற்கள். ஊழியர் முதலாளியை ரிப்ரிமேண்ட் செய்ய முடியாது. ரிப்ரோச் செய்யலாம், அதில் 'நீங்களா இப்படி' என்ற மனத்தாங்கல் இருக்கும், வாயைத் திறக்காமல் ஒரு பார்வையிலேயே கூட முடித்துவிடலாம். சமீப காலத்தில் 'கால் அவுட்' வந்திருக்கிறது. தப்பு செய்தவர் எவ்வளவு பெரிய ஆளானாலும் நாலு பேர் அறியச் சொல்வது. அதைச் செய்துவிட்டு வந்த ஊழியர் 'ஐ கால்டு ஹிம் அவுட்' என்று பெருமையாகச் சொல்வார். அதே நிகழ்ச்சியை மேனேஜர் சொன்னால் 'ஹீ டாக்டு பேக்', எதிர்த்துப் பேசினான். ஹெச்ஆர் மெமோவில் அது 'இன்சபார்டினேஷன்', அதாவது கீழ்ப்படியாமை, ஆகியிருக்கும்.