பெங்குவின் தெரியும், பூநாரை தெரியாது

எங்கள் வன்னிப் பிள்ளைகளில் பலருக்குப் பெங்குவின் எப்படி நடக்கும் என்று தெரியும். சுண்டிக்குளத்தில் வந்து நிற்கும் பூநாரை என்ன தின்கிறது என்று கேட்டால் முழிப்பார்கள். பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை. நாங்கள் கையில் கொடுத்த போன் அதைத்தான் காட்டுகிறது.

மாலையில் என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளின் தாய்மார் அடிக்கடி கேட்பது, "ரீச்சர், விஞ்ஞானத்துக்கு எந்தச் சனல் நல்லது?" பிள்ளை முதலில் வெளியில் எதையாவது பார்க்கட்டும், போன் அதற்குப் பிறகு என்பதுதான் என் பதில். சிலருக்கு அது பிடிப்பதில்லை.

பூநாரையையே எடுங்கள். கரையில் நின்று பார்த்தால், தலையைக் கவிழ்த்துச் சேற்றுத் தண்ணீரில் ஏதோ துழாவுவது மட்டும் தெரியும். உள்ளே நடப்பதைக் காட்ட வீடியோ வேண்டும். நாக்கு தண்ணீரை இழுத்துத் தள்ள, சொண்டின் ஓரத்தில் சீப்புப் பல் போல இருக்கும் தகடுகளில் சின்னச் சின்ன உயிர்களும் பாசியும் தங்கிவிடும். அந்தத் தீனியில் இருக்கும் கரோட்டினாய்டு என்ற நிறப்பொருள்தான் இறகுக்கு அந்தச் சிவப்பைக் கொடுக்கிறது. குஞ்சுகள் சாம்பல் நிறம். பறவையை நேரில் கண்ட பிள்ளை இந்த வீடியோவைக் கண் கொட்டாமல் பார்க்கும். காணாத பிள்ளை பாதியில் தள்ளிவிட்டு அடுத்ததற்குப் போய்விடும்.

எனக்குப் பிடித்தது மெர்லின் என்ற இலவசச் செயலி. அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகப் பறவை ஆய்வுகூடம் செய்தது. எங்கே கண்டாய், குருவி அளவா காக அளவா, என்ன நிறம், தரையில் நின்றதா கம்பியில் இருந்ததா என்று அது பிள்ளையிடம் கேட்கும். கேள்விக்குப் பதில் சொல்வதற்காகவே அடுத்த முறை பிள்ளை கூர்ந்து பார்க்கும். பறவைத் தொகுப்பை ஒருதரம் இறக்கி வைத்தால் டேற்றா இல்லாமலும் வேலை செய்யும். சிக்னல் தேடி மதகடிக்குப் போகிற ஊர்களுக்கு இது பெரிய விசயம்.

செடி, பூச்சியை அடையாளம் காண சீக் என்ற செயலி. கணக்குத் திறக்கத் தேவையில்லை, கமராவைக் காட்டினால் போதும். ஆனால் அது சொல்வது ஊகம்தான், பிழைக்கும். அதை வைத்துக்கொண்டு வயலில் புடையன் பாம்பைப் படமெடுக்கப் போகக் கூடாது என்று முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். கண்ணிவெடிச் சிவப்புப் பலகை நிற்கும் பக்கம் தலை வைத்தும் படுக்கக் கூடாது என்பதையும்.

யூரியூப்பில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். மலைப்பாம்பு சுற்றிய நாய்க்குட்டியை ஒருவர் ஓடிவந்து காப்பாற்றுவார். கமரா மட்டும் ஆடாமல் அசையாமல் முன்கூட்டியே அங்கே நிற்கும்! இவற்றில் பல, விலங்கை வேண்டுமென்றே மாட்டவைத்து எடுத்தவை. பிள்ளையோடு இருந்து பார்த்து, "இதை யார் எடுத்தார்?" என்று கேளுங்கள். அதுவும் விஞ்ஞானப் பாடம்தான்.

கல்வி அமைச்சின் இ-தக்சலாவ இணையத்தளம் பாடங்களுக்கு உதவும், சோதனைக்குப் போதும். தமிழில் வாசிக்க ஸ்டோரிவீவர் தளம் இருக்கிறது. இந்தியாவின் பிரதம் புக்ஸ் பதிப்பகம் அதை 2015இல் தொடங்கியது. விலங்குக் கதைகளும் நிறைய உண்டு. திறந்த உரிமம் என்பதால், எழுதியவர், வரைந்தவர் பெயரோடு அச்சடித்துப் பகிரலாம். மின்சுற்று போன்றவற்றுக்கு ஃபெட் பாவனையாக்கங்கள், அதாவது திரையிலேயே செய்து பார்க்கும் சோதனைகள், கொலராடோ பல்கலைக்கழகத்துடையவை. இறக்கி வைத்துக்கொண்டு இணையம் இல்லாமலே ஓட்டலாம்.

வெளிநாட்டிலிருந்து பள்ளிக்கூடங்களுக்கு டப் (டப்லெட் கணினி) அனுப்ப நினைக்கும் உறவுகளே, நல்ல மனசு, சந்தோசம். ஆனால் வெறும் டப் வந்தால் பிள்ளை கேம்தான் விளையாடும். மேலே சொன்னவற்றை இறக்கிப் போட்டு அனுப்புங்கள். பத்து டப்புக்குக் காசு சேர்த்திருந்தால் எட்டாகக் குறைத்து, மிச்சத்துக்கு நல்ல பைனாகுலர் வாங்குங்கள்.